ஞாபகம் இல்லை என்று சொன்ன சொல்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் வீட்டில் அதிகம் பேசிக்கொண்டது ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான். இருவருக்கும் ஆங்கிலத்தில் தொடர்ந்து நாலு வாக்கியம் பேச வராது. ஆனால் தூக்கத்தில் நடப்பவருக்கு, பல மொழி தெரிந்தவருக்கு, கடனை அடைக்க முடியாமல் கைவிரித்தவருக்கு என்று தனித்தனியே ஒரு சொல் இருப்பது எங்களுக்குத் தெரியும். மத்திய அரசு வேலைக்கான தேர்வில் நீளமாக ஒரு விளக்கத்தைக் கொடுத்து, அதற்கு ஒரே சொல் எது என்று கேட்பார்கள். அவர் கல்லூரி முடித்த நாளிலிருந்து அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருந்தார். விழுப்புரத்தை அடுத்த காணைதான் அவருடைய ஊர், அங்கே அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அதை மாமனார் பார்த்துக்கொண்டார். நாங்கள் குடியிருந்த திண்டிவனத்தில் இவர் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்தார்.

நான் படிப்பதற்காக உட்காரவில்லை. சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் என் கையில் புத்தகத்தைக் கொடுப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே விளக்கத்தைப் படிப்பேன், அவர் சொல்லைச் சொல்வார். எளிதில் மறக்காமல் இருக்க ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தத்தில் ஒரு ஆளைப் பிடித்துவைத்திருந்தார். 'மைசர்' என்றால் கஞ்சன். அது அவருடைய சித்தப்பா. யார் எதைச் சொன்னாலும் நம்பி ஏமாறுகிறவர் 'கல்லிபிள்'. அது என் அம்மா. அம்மா வாசலில் வந்து விற்றவனிடம் தண்ணீர் ஃபில்டர் வாங்கி ஏமாந்தது உண்மைதான் என்றாலும், அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பிறகு காணையில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது சித்தப்பா பந்தியில் மிச்சமான வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அவருக்கு வயது வரம்பு முடிய ஒரே ஒரு தேர்வு பாக்கி இருந்தபோது, விண்ணப்பம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உனக்கும் சேர்த்து போட்டுறவா? லேடீஸுக்கு ஃபீஸ் கெடையாது."

"எனக்கு இன்னாத்துக்குங்க?"

"தனியா போறதுக்கு நீயும் கூட வந்தா நல்லா இருக்கும்."

அப்படித்தான் எழுதினேன். விழுப்புரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில், ஒரே வேளையில் எங்கள் இருவருக்கும் தேர்வு. கணினித் திரையில் ஒவ்வொரு கேள்வியையும் படிக்கும்போது அது அவர் குரலிலேயே கேட்டது. எனக்குப் பதற்றமே இல்லை. எனக்கு அது யாரோ ஒருவருடைய தேர்வு.

திரும்பும்போது பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. அவர் ஒவ்வொரு கேள்வியாக ஞாபகப்படுத்திச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சுகத்தையும் துக்கத்தையும் ஒண்ணா எடுத்துக்கிற ஆளுக்கு இன்னா வார்த்தைன்னு கேட்டிருந்தான் பாரு. நான் அசெட்டிக் போட்டேன். நீ?"

அந்தச் சொல் ஸ்டோயிக். 'அசெட்டிக்' சுகங்களைத் துறந்த துறவி. இரண்டையும் அவர் எப்போதுமே மாற்றிப்போடுவார். இன்பதுன்பத்தை ஒன்றாகப் பார்க்கிற ஆள் எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் கிடைக்கவில்லை, அதனால் அந்தச் சொல் அவரிடம் நிற்கவில்லை. ஆள் கிடைக்காத சொல் என்பதாலேயே எனக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிவு வந்தபோது நாங்கள் காணையில் இருந்தோம். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் கிணற்று மேட்டில் நின்று போனில் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்ததுமே அவருடைய எண் இல்லை என்று தெரிந்தது. "எனக்கு வரல" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "உன்னுது கீது" என்று திரையைக் காட்டினார். என் பதிவு எண் பட்டியலின் நடுவில் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் ஒரு விநாடி சிலிர்த்துப் போனதை அவர் பார்த்துவிட்டார். பிறகு எத்தனை விதமாக முகத்தை வைத்துக்கொண்டாலும் அந்த விநாடியை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

மாமியார் களத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "எம் புள்ளதான் ஒக்காந்து சொல்லிக்குடுத்தான், இவ பாஸ் பண்ணிக்கினா." பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் தன் மகனைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்து இரண்டாம் கட்டத் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு நான் தனியாகப் படித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. முன்பு போலவே சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். இப்போது புத்தகம் அவர் கையில் இருந்தது, சொல்ல வேண்டியவள் நான். தான் எழுத முடியாத ஒரு தேர்வுக்காக ஒரு மனிதர் குரலில் சலிப்பே இல்லாமல் கேள்வி படிக்கிறார். என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சில விடைகளைத் தெரிந்தே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். நான் தடுமாறினால், அவர் திருத்தினால், அவருக்கு ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன். பல மொழி தெரிந்தவருக்கு என்ன சொல் என்று கேட்டார். பாலிகிளாட் என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். வேறு எதையோ சொன்னேன்.

அவர் புத்தகத்தை மூடினார்.

"தெரிஞ்சேதான தப்பா சொல்ற?"

நான் குனிந்து பீர்க்கங்காயை நறுக்கப் போனேன்.

"அன்னிக்கு பஸ்ல கேட்டப்பவும் இப்டிதான். ஞாபகம் இல்லன்னு சொன்ன. உனக்காவது, ஞாபகம் இல்லாம போறதாவது."

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

"பெயிலானது கூட எனக்குப் பழகிப்போச்சு. நீ என்ன பாத்து பாவப்பட்டுக்கினு, எனக்காக முட்டாளாட்டம் நடிச்சிக்கினு இருக்கிற பாரு. அத எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டார். நான் அரைகுறையாக நறுக்கிய பீர்க்கங்காயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்பு என்று நினைத்து நான் செய்தது அவரைச் சிறுமைப்படுத்தியிருந்தது. தேர்வு முடிவு அவரிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. அது நேராகத்தான் சொன்னது.

திரும்பி வந்தபோது மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிவந்திருந்தார். அதை எனக்கும் அவருக்கும் நடுவில் பிரித்துவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். நான் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். சரியாகச் சொல்வதும் எளிதாக இல்லை. ஒவ்வொரு விடைக்கும் அவர் "ம்" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சிக்குச் சென்னை போய்விட்டுத் திரும்பியபோது அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருந்தது. அவருடைய தேர்வுப் புத்தகங்கள் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன.

"உன் ஆபீஸ் சாமான் வெக்கிறதுக்கு எடம் வேணும்ல" என்றார்.

இப்போது நான் தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போகிறேன். அலுவலகத்தில் கடிதங்களைப் பதிவுசெய்து பிரிவுகளுக்கு அனுப்புவது என் வேலை. தூக்கத்தில் நடப்பவரைப் பற்றியோ பல மொழி தெரிந்தவரைப் பற்றியோ அங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்களைப் பிரித்து எடுக்க மட்டும் தேவைப்பட்ட சொற்கள் அவை. யாராவது என் வேலையைப் பாராட்டும்போது, உடனே என் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை, "அவர் பேர் வராம நீங்க ஒரு வார்த்த பேசமாட்டீங்களா மேடம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் ஹார்டுவேர் கடையை விட்டுவிட்டு ஒரு மல்லாட்டை வியாபாரியோடு சேர்ந்து, விவசாயிகளின் சரக்கு ஏலத்துக்கு வரும் மார்க்கெட் கமிட்டிக்குப் போகிறார். ஏலத்தில் நின்று சரக்கைக் கையில் உடைத்துப் பார்த்தே விலை சொல்கிறாராம். அதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு துள்ளல் வருகிறது. அது உண்மையான துள்ளல்தானா என்று நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்பேன். அப்படிக் கேட்பதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வருஷம் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு வந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றே இருந்தேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவரை என் கணவர் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கிறார், அந்த ஆள் சொல்லித் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மட்டும், "கடைசி தேதி எப்போ?" என்றார்.

சொன்னேன்.

"நாளைக்கே போட்டுடு. வெச்சிக்கினு இருக்காத."

மறுநாள் விண்ணப்பம் போட்டேன். அதற்குப் படிக்க வேண்டியவை விதிமுறைகளும் கணக்கு நடைமுறைகளும்தான். ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்துக்கொள்கிறேன். அவரிடம் கேள்வி கேட்கச் சொல்லலாமா என்று ஒவ்வொரு சாயங்காலமும் தோன்றுகிறது. கேட்டால் அவர் மறுக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். இன்னும் கேட்கவில்லை.