பால்காரர் மாதையன் வண்டிக்குப் பழைய சத்தம் போட்ட கதை

ஜாம்

மாதையன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தால் இப்படிச் சொல்வது பாவம். ஆனால் மெக்கானிக்கின் புத்தி அது. ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் மாட்டுவதும் செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுப்பதுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்த நேரத்தில், முழுசாக ஜாம் ஆன பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று தானாகத் தேடி வந்தால் யாருக்குக் கசக்கும்?

என் பட்டறை மாரண்டஹள்ளி மெயின் ரோட்டில் இருக்கிறது. மாதையன் காலையில் மலையடிவாரத்து ஊர்களுக்குப் போய்ப் பால் எடுத்து, பாலக்கோட்டில் டீக்கடைகளுக்கு ஊற்றுகிறவன். முன்பு தக்காளி போட்டவன்தான். நிலத்தில் போர் காய்ந்தது, பால் லைனுக்கு வந்தான். இப்போது எஞ்சினிலும் போர், அதாவது சிலிண்டர் துளை, போய்விட்டது. இதை நான் அவனிடமே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"என்னதான் பண்ணுன மாதையா?"

"ஒண்ணுமே பண்ணலீங்ணா. மேடு ஏறிட்டு இருந்துச்சு, டக்குனு புடிச்சுக்கிச்சு. பின்சக்கரம் அப்படியே தேச்சுக்கிட்டு நின்னுருச்சு."

"பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?"

"கலந்தேங்ணா."

"எவ்வளவு?"

"அது... ஒரு குத்துமதிப்பாங்ணா."

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் ஓடுகிற பிஸ்டனுக்கு வழவழப்பு கொடுப்பது பெட்ரோலில் கலக்கும் அந்த ஆயில்தான். அது குறைந்தால் பிஸ்டன் சூட்டில் பருத்து, சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது. கட்டையை வைத்துத் தட்டித்தான் சிலிண்டர் பிளாக்கை உருவ முடிந்தது. சுவர் முழுக்கக் கீறல். ரிங் உடைந்து, அதன் துண்டு பிஸ்டனுக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது. கனெக்டிங் ராடு பிடித்து ஆட்டினால் ஆடியது. ஜாம் ஆவதற்கு முன்பே இந்த எஞ்சின் கடகடவென்று கத்திக்கொண்டுதான் ஓடியிருக்கும்.

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் எடைக்குப் போடு என்றார்கள். மாதையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, வேற வண்டி வாங்கற நெலமைல நான் இல்லீங். இது ஓடினாத்தான் வூட்ல அடுப்பு எரியும். பாத்துப் பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அவனுக்காக என்று நான் சொல்லிக்கொண்டாலும், பாதி எனக்காகத்தான்.

நான் கட்டிய எஞ்சின்

பிளாக்கை தர்மபுரியில் லேத்துக்குக் கொண்டுபோய், கீறல் போக உள்ளே கடைந்து போர் பண்ணினேன். லேத்துக்காரர் அளவு எடுத்தபோது பக்கத்திலேயே நின்று அவரைக் கடுப்பேற்றினேன். கம்பெனி இந்த வண்டியை எப்போதோ நிறுத்திவிட்டது. ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் சேலத்தில் பழைய பார்ட்ஸ் விற்கிற ஒருவரிடம் கிடைத்தன. கிராங்கைப் பிரித்துப் புது ராடு, புது பேரிங் போட்டேன். ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் மாற்றினேன். அவன் கேட்காததையும் செய்தேன். சங்கிலியைச் சரிபார்த்தேன், ஹேண்டில் ஆட்டத்தை எடுத்தேன், இறுக்க வேண்டியதை எல்லாம் இறுக்கினேன். கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரிக்கிறவர்கள்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

அதுவரைக்கும் மாதையன் தன் மச்சானின் ஆட்டோவில் போய், வீடு வீடாக இறங்கிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பால் எடுத்தான். மச்சான் முகம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனது.

ஸ்டார்ட் பண்ணிய அன்று எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஸ்டார்ட் ஆச்சா, இல்ல இன்னும் உதைக்கணுமா?" என்று கேட்டார். எஞ்சின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கடகடப்பு சுத்தமாகப் போய், டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய மெல்லிய டர்ர்ர் மட்டும் மிச்சம். புது பிஸ்டன் பழகுகிற வரைக்கும் முறுக்காதே, ஆயிலை அளந்து ஊற்று என்று சொல்லி, சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

"பழைய சத்தத்தக் குடுங்க"

சில நாள் கழித்து மாதையன் மறுபடி வந்தான். வண்டி நன்றாக ஓடியே வந்தது. அவன்தான் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. பழைய சத்தத்தக் குடுத்துருங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னான்.

விஷயம் இதுதான். அந்த ஊர்களில் பெண்கள் அவன் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் பால் கறக்க உட்காருவார்கள். ஓடைத் திருப்பத்தில் சத்தம் கேட்டால் கறக்க ஆரம்பித்து, அவன் வாசலுக்கு வருகிறபோது சொம்போடு நிற்பார்கள். இப்போது அவன் வருவதே தெரிவதில்லை. அதே நேரத்துக்கு ஒரு தனியார் பால் கம்பெனி வேன், ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. பாட்டுச் சத்தம் கேட்டதும் பெண்கள் பாலை அதில் ஊற்றிவிடுகிறார்கள். இவன் போய் நின்றால் காலிச் சொம்பைக் காட்டுகிறார்கள்.

"சத்தம் வேணும்னா மேளக்காரனைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுப் போ!" என்று கத்திவிட்டேன்.

"பாதி வூட்டுப் பால் போயிருச்சுங்ணா. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா வண்டி இருக்கும், லைன் இருக்காது. அப்பறம் நான் எதுக்கு வண்டி ஓட்டறது?"

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. நான் நன்றாகச் செய்த வேலையால் ஒருவன் பிழைப்புப் போகிறது என்பது எனக்குப் புது அனுபவம். கெட்ட வேலைக்குத் திட்டு வாங்கத் தெரியும். இதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

போன் பண்ணிச் சொல்லேன் என்றேன். "மாட்டு மடியில கை வெச்சிருக்கறப்ப எவங்ணா போன எடுப்பா?" என்றான். நியாயம்தான்.

பெரிய ஹாரன் ஒன்று மாட்டினேன். ஹாரன் சத்தம் எல்லாருக்கும் பழகிப்போனது, அதைக் கேட்டு யாரும் தலைநிமிர்வதில்லை. ஒருத்தரும் வெளியே வரவில்லை. அடுத்து சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவிவிட்டேன். வண்டி வெடிபோல் கத்தியது. ஒரு வீட்டில் பசு மிரண்டு எட்டி உதைத்ததில் சொம்பு, பால், கறந்த அம்மா மூன்றும் உருண்டதாக மாதையன் வந்து சொன்னான். அந்த வீட்டுப் பால் இனி நிரந்தரமாக வேனுக்குத்தான் என்றும் சொன்னான். குழாயை மறுபடி உள்ளே தள்ளினேன்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். புது பிஸ்டனைத் தேய்த்து எஞ்சினைக் கடகடக்க வைப்பது. அதற்கு என் கை வரவில்லை. நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.

டங்கு

காலிப் பால்கேன்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். முதல் வீட்டில் சாக்கம்மா என்ற பெரியம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தார். வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. அப்போதும் திரும்பவில்லை. என் எஞ்சின் அப்படி.

மாதையன் கூப்பிட்டதும் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"ஏன் மாதையா, மெக்கானிக்கைக் கூடவே வெச்சுக்கிட்டுச் சுத்தற அளவுக்கு வண்டி மோசமாயிருச்சா?"

நான் இறங்கினேன். "ஏம்மா, முன்னாடி இந்த எஞ்சின் சத்தம் எப்படி இருக்கும்?"

"எஞ்சினா? அதை யாரு கண்டா? டங்கு டங்குனு வருமுங்க. திருப்பத்துலயே கேக்கும்."

"கடகடன்னு இல்லீங்களா?"

"இல்லீங்க. டங்கு டங்கு."

அடுத்த வீட்டிலும் கேட்டேன். டங்கு. அதற்கடுத்த வீட்டில் ஒரு தாத்தா கையால் தட்டியே காட்டினார். டங்கு, டங்கு, டடங்கு.

நான் எத்தனையோ எஞ்சின் கேட்டிருக்கிறேன். பிஸ்டன் தேய்ந்தால் கடகட என்னும். பேரிங் போனால் கொர் என்னும். சங்கிலி லூஸானால் சலசலக்கும். டங்கு என்று சொல்கிற எஞ்சின் இந்த உலகத்தில் கிடையாது. டங்கு என்பது தகரமும் இரும்பும் பேசிக்கொள்கிற பாஷை.

மெதுவாகத் திரும்பி வண்டியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காலிக் கேன்கள். அவற்றை மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டுக்குப் புது போல்ட் போட்டு இறுக்கி, கேன் உரசாமல் இருக்கப் பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றியது யார்? இலவசமாக, கேட்காமலே செய்தவர்?

ஸ்பேனரை எடுத்து அங்கேயே உட்கார்ந்து போல்ட்டைத் தளர்த்தினேன். ரப்பரைக் கிழித்து எறிந்தேன். மாதையனைத் திருப்பம் வரைக்கும் போய்விட்டு வா என்று அனுப்பினேன்.

அவன் திரும்பி வரும்போது முதல் கல்லிலேயே டங்கு என்றது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "ஏ, மாதையன் வந்துட்டான், சொம்ப எடு!" என்றது. கட்டுத்தறியில் ஒரு மாடு அம்மா என்றது. மாதையன் வண்டியை நிறுத்தாமலே என்னைப் பார்த்து ஒற்றைக் கையால் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, ரொம்ப வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. தர்மபுரி லேத்து, சேலத்துப் பிஸ்டன், புது கிராங்க் எல்லாம் சேர்ந்த என் எஞ்சினை அந்த ஊர்களில் மிரண்ட பசுவைத் தவிர ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை, அது கடகடத்தபோதும் சரி, நான் கட்டிய பிறகும் சரி.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு

போன பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. உதை வாங்கிய அம்மா மட்டும் இன்னும் வேனுக்குத்தான் ஊற்றுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டி வந்தால், என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இதில் எதைத் தொடக் கூடாது என்றும் கேளுங்கள். வண்டியில் ஆடுவது எல்லாம் கோளாறு இல்லை. சிலது ஆடிக்கொண்டிருப்பதால்தான் ஒரு குடும்பம் ஆடாமல் இருக்கிறது. கேட்காத உதவியைச் செய்யக் கை துறுதுறுத்தால், டீ குடிக்கப் போய்விடுங்கள்.

போன மாதம் அரூரிலிருந்து ஒருவர் பழைய வண்டியோடு வந்தார். எஞ்சின் முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றார். பெரிய வேலை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாதையன் காலிக் கேன்களோடு தெருவே அதிரப் போனான்.

அரூர்க்காரர் முகத்தைச் சுளித்தார். "அடேயப்பா, என்னங்க அது, வண்டியா, பாத்திரக்கடையா? அதுக்கு எஞ்சின் கட்டுனவன் யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாதையன் பிரேக் பிடித்தான். நன்றி மறக்காதவன்.

"இந்த அண்ணன்தாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "என் பொழப்பையே காப்பாத்துனவரு. இப்ப கேட்டீங்கல்ல இந்தச் சத்தம், இதுகூட அவரு கையால போட்டதுதாங்க!"

அரூர்க்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வண்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியைப் பதமாக எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.