மெரூன் ரிப்பன் பூ

"பிரிச்சுப் பாக்க வேணாம். மேல பேப்பரச் சுத்தி, பூ கட்டிக் குடுத்தா போதும்" என்று சொல்லி, அந்த சார் செருப்புப் பெட்டி அளவில் ஓர் அட்டைப் பெட்டியைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. ஓரம் எங்கும் பிசகவில்லை. பரிசு கட்டும் வேலையில் இருக்கிறவர்களுக்கு அடுத்தவர் டேப் ஒட்டியிருக்கும் விதம்தான் முதலில் கண்ணில் படும். இவ்வளவு பொறுமையாக ஒட்டத் தெரிந்தவர் காகிதத்தையும் தானே சுற்றிக்கொள்ளலாமே, நம்மிடம் ஏன் வருகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

விருத்தாசலத்தில் பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தக் கடை. பீங்கான் பொம்மைகள், போட்டோ சட்டம், சுவர்க் கடிகாரம், பிறந்தநாள் தொப்பி எல்லாம் இருக்கும். பி.காம் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று அங்கே சேர்ந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பரிசுச் சீட்டில் பெயரும் விலாசமும் எழுதும் வேலை எனக்கு வந்தது. காகிதம் சுற்றுவதும் ரிப்பன் கட்டுவதும் அக்காவின் வேலை. அக்கா எனக்கு உறவு கிடையாது. கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அதற்குமுன் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தவர். நாற்பதை நெருங்கியிருந்தார், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர், புருஷனை விட்டுவிட்டு வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. ரிப்பனை நாலு விரலில் வளையம் வளையமாகச் சுற்றி, நடுவில் கிள்ளிப் பிடித்து, மெல்லிய நாடாவால் ஒரு முடிச்சுப் போட்டு வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிவிடுவார். மேசைமேல் ஒரு பூ நிற்கும். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று பரிசு வாங்குகிறவர்கள், "அந்த அக்கா கட்டுனாத்தான் வேணும்" என்று காத்திருந்து வாங்கிப் போவார்கள்.

அந்த சார் முதல் இரண்டு முறை எங்கள் கடையிலேயே பொருள் வாங்கினார். முதலில் ஒரு பீங்கான் ஜோடிப் பொம்மை. அடுத்த மாதம் ஒரு கைக்கடிகாரம். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, யாரிடமும் உயராத குரல். ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார். மனைவி கோபித்துக்கொண்டு மகளோடு வேப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், அவளுக்குத்தான் இதெல்லாம் என்று அவரே சொன்னார். முதலாளி உருகிப்போனார். "இப்பிடி ஒரு புருஷன வுட்டுட்டுப் போவ எப்பிடித்தான் மனசு வருது" என்று எங்களிடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மெரூன் நிற ரிப்பன்தான் வேண்டும். அக்கா கட்டி முடிக்கும்வரை நகராமல் நின்று அவர் விரல்களையே பார்ப்பார். பெட்டியை வேப்பூர் வழியாகப் போகிற பேருந்தில் கண்டக்டர் கையில் கொடுத்து, கூட்டுரோட்டில் மைத்துனர் வைத்திருக்கும் டீக்கடையில் இறக்கிவிடச் சொல்வார்.

மூன்றாவது முறைதான், டேப் ஒட்டிய அந்தப் பெட்டி. அதில் சீட்டு எழுதப் போனபோது, "என் பேரு வேணாம்மா. 'பள்ளிக்கூடத் தோழிகள்'னு போடு. என் எழுத்தப் பாத்தா அவ பிரிக்கமாட்டா" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். கோபத்தில் இருக்கும் மனைவிக்குத் தெரியாமல் பரிசு அனுப்புகிறார் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. என் அழகான கையெழுத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு சின்னப் பூவும் வரைந்து கொடுத்தேன். அடுத்த இரண்டு மாதங்களும் அப்படியே எழுதினேன். அந்த சார் வந்து போன நாட்களில் அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை நான் கவனித்திருக்கிறேன். காரணம் கேட்டதில்லை.

ஆறாவது முறை அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். இந்த முறை பெட்டி கொஞ்சம் பெரியது. அக்கா அதைத் தூக்கியபோது உள்ளே ஏதோ தண்ணீர்போல அசைந்தது. அவர் வழக்கம்போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் போன் வந்தது. சாலை இரைச்சலில் கேட்கவில்லை என்று நாலு கடை தள்ளி ஒதுக்குப்புறமாகப் போனார். ஒரு பக்கம் டேப் பிரிந்திருந்தது. அக்கா தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு விரலால் மூடியை நெம்பினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

மேலாக, ஒரு பெண்ணின் ரவிக்கைகள் இருந்தன. சதுரம் சதுரமாகக் கத்தரித்து, சுருட்டி, ஒவ்வொன்றிலும் மெரூன் ரிப்பனில் ஒரு பூ கட்டியிருந்தது. அக்கா கட்டுகிற பூவைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் கட்டிய பூ. ஏறக்குறைய சரியாகவே வந்திருந்தது. அவற்றின்மேல் தனியாக ஒரு நீல ரிப்பன் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடையை மடித்துக் கட்டுகிற ரிப்பன். அதுவும் பூவாகக் கட்டப்பட்டிருந்தது. அக்கா குனிந்து முகர்ந்தார்.

"தல எண்ண வாசன போவல. இது இப்பத்தான் கழட்டுனது" என்றார் மெதுவாக. மூடியைச் சாத்தி, காகிதத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

அவர் திரும்பி வந்தபோது அக்கா ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான்தான் பேனாவைக் கீழே போட்டேன். சீட்டில் என்ன எழுத என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம்மா. இது பாப்பாவுக்கு. நானே நேர்ல குடுத்துக்கறேன். இதோட முடிஞ்சிது, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றார். பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அடுத்தவன் குடும்ப விவகாரத்தில் நமக்கென்ன என்று அவர் சொன்னார். போலீசுக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். "என்னான்னு சொல்றது? பொட்டிக்குள்ள ரிப்பன் இருந்துதுன்னா? அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். வேப்பூருக்கு நீ வர்றியா, நான் மட்டும் போவட்டா?" என்றார் அக்கா. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வேப்பூர் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அக்கா அதுவரை சொல்லாததைச் சொன்னார். "எங்கூட்டுக்காரரு அடிச்ச மறுநாளு மல்லிப்பூ வாங்கியாருவாரு. ரெண்டு மொழம். நானும் வச்சிக்குவேன். ஒரு கட்டத்துல, பூ வாங்கிட்டு உள்ள நொழஞ்சாலே கையச் சோப்புப் போட்டுக் கழுவப் போயிடுவேன். இந்த ஆளு மொத தடவ வந்து நின்னப்பவே எனக்குக் கை கழுவத் தோணிச்சி. நானும் வாயத் தொறக்காமக் கட்டித்தான் குடுத்தேன்." வழியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. அவர்கள் கையிலும் ஒரு பரிசுப் பெட்டி இருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் வெளியே திரும்பிக்கொண்டார்.

டீக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஐந்து பெட்டிகளின் விலாசம் என் கையால் எழுதியதுதானே. அண்ணன் வெளியே போயிருந்தார். வடை போட்டுக்கொண்டிருந்த பெண்தான் அந்த மனைவி. முப்பது வயதிருக்கும். விருத்தாசலத்திலிருந்து வருகிறோம், பரிசுக் கடையில் வேலை செய்கிறோம் என்றதும் ஜல்லிக்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பூவ நீங்கதான் கட்டுறீங்களா?"

"ஆமாம்மா. நாந்தான்" என்றார் அக்கா.

"சீட்டு எழுதுனது?"

என் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். "மூணாவது பொட்டிய, நெசமாவே கூடப் படிச்சவளுங்கதான் அனுப்பிச்சாங்கன்னு சிரிச்சிக்கிட்டே பிரிச்சேன். உள்ள என் கல்யாணப் போட்டோ இருந்துது. என் மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துட்டு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பெட்டியில் இருந்த நீல ரிப்பனைப் பற்றியும், பாப்பாவிடம் நேரில் கொடுப்பதாக அவர் சொன்னதையும் அக்கா சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. முந்தின நாள் சாயங்காலம் மகள் ஒரு சடை அவிழ்ந்து வந்திருக்கிறாள். எங்கேயோ விழுந்துவிட்டது என்றாளாம். அடுப்பை அணைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் அணைத்தேன். எதிரில் நின்ற ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம்.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அந்த சார் உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி. பூ நசுங்கிவிடாமல் இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்திருந்தார். பக்கத்தில், புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழு வயதுப் பெண் பிள்ளை, போகத் தயாராக நின்றாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட்டிப் போக வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியை ரிஜிஸ்டரோடு வெளியே வந்துகொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து நாங்கள் வந்திருந்தால் என்ற கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து நின்றார். எங்களையும் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. "வாங்க" என்றார், தன் வீட்டுக்கு வந்தவர்களைக் கூப்பிடுவது போல.

"டீச்சர், அந்தப் பொட்டியப் பிரிச்சுப் பாருங்க" என்றார் அக்கா.

"அது எம் பொண்ணுக்கு வாங்குன கிஃப்ட்டுங்க."

"பிரிச்சுப் பாருங்க டீச்சர்."

தலைமையாசிரியை வயதானவர், சந்தேகத்தை முகத்தில் காட்டாதவர். கையை நீட்டினார். அந்த சாரும் மறுக்காமல் கொடுத்தார். ரிப்பனை இழுக்கப் போனபோது மட்டும், "பூவக் கலைக்காதீங்க" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. கத்தரித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்த ஆசிரியையின் கை ஓரிடத்தில் நின்றது. அடியில் ஆரஞ்சுக் குளிர்பான பாட்டில் ஒன்று, அதையொட்டி வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து பாட்டில் ஒன்று, பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பீங்கான் கோப்பைகள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

அம்மா பிள்ளையின் கண்ணை முந்தானையால் மூடினார். சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் போட்ட சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போலீஸ் வரும்வரை அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த மெரூன் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சில மாதங்கள் உள்ளே இருந்தார். பிறகு ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன். ஸ்டேஷனுக்குக் கடைப் பெயர் போய்விட்டது என்று முதலாளி எங்களிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் கட்டமாட்டேன் என்று அக்கா சொன்னபோது அவர் எதிர்த்துப் பேசவும் இல்லை. கல்யாண அவசரத்தில் வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். அக்கா மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு அடிவரை தொட்டுப் பார்த்த பிறகுதான் காகிதத்தை வெட்டுவார். நான் கல்யாணமாகிக் கடலூர் வந்துவிட்டேன். பரிசு எதிலும் இன்னொருவர் பெயரை எழுதித் தருவதில்லை. அலுவலகத்தில் யாராவது, "உங்க எழுத்து நல்லாருக்குது, நீங்களே எழுதுங்க" என்றால் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து போன். "நான் சாப்புடப் போயிருந்த நேரத்துல அந்த ஆளு வந்துட்டுப் போயிருக்காரு. கடையில புதுசா சேந்த பொண்ணு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மீட்டரு ரிப்பன் வாங்கியிருக்காரு. மெரூனு. பூ சுத்தித் தரட்டுமான்னு இது கேட்டுதாம். வேணாம், நானே கத்துக்கிட்டேன்னு சொன்னாராம்."

பாப்பாவின் அம்மாவுடைய எண் என்னிடம் இருந்தது. உடனே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் மிக்சி ஓடும் சத்தம் நின்றது.

"எப்ப வாங்குனாரு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ங்க."

"சரி தங்கச்சி. நாலு மணிக்கு ஸ்கூலு வுடும். நானே போயிக் கூட்டியாந்துடுறேன். வச்சிடுறேன்."

மணி மூன்று பத்து. அதற்கு மேல் அன்று நான் வேலை எதுவும் பார்க்கவில்லை. நாலு இருபதுக்குப் போனில் ஒரே ஒரு சொல் வந்தது: "வந்துட்டோம்." நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அதே சொல்லை அனுப்பினார். அதற்கு மறுநாளும். இப்போது பள்ளிக்கூடம் உள்ள எல்லா நாளும் அனுப்புகிறார். நாலு மணி ஆனதும் நானும் போனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்கிறேன். பார்த்ததும் விருத்தாசலத்துக்கு அதை அப்படியே அனுப்புகிறேன். அக்கா பதில் போடுவதில்லை, ஆனால் உடனே பார்த்துவிட்டார் என்று தெரியும்.

இன்று நாலு இருபதுக்கு வரவில்லை. நாலு முப்பதுக்கும் வரவில்லை. அக்காவிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. நாலு நாற்பத்தைந்துக்கு வந்தது: "மழை. இப்பத்தான் வந்தோம்." அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.