சீனி தின்னாத எறும்புகள்

பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் வருடம். மலைக் காட்டில் உக்கிப்போன மரக்கட்டை ஒன்றைப் புரட்டியபோது அவை கிடைத்தன: செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிடி எறும்புகள், கூடவே அரிசிமணி போன்ற வெள்ளைக் குஞ்சுப் புழுக்கள். கண் தெரியாததுபோலத் தடவித் தடவி நடந்தன. எனக்கு அந்த நடையிலேயே மனம் போய்விட்டது. அப்படியே மண்ணோடு ஒரு பெட்டியில் வாரி, கியூபெக்கில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டேன். என்ன தின்னும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

சீனித் தண்ணீர் வைத்தேன். தொடவில்லை. பழ ஈ? திரும்பியும் பார்க்கவில்லை.

"எறும்பு சீனி தின்னாதோ? ஆருக்குக் கதை விடுறாய் பிள்ளை?" என்றார் அம்மா. "என்ர சீனிப் போத்தலைத் திறந்து வை, தெரியும்."

"இது மச்சம் மட்டும்தான் தின்னும்போலை அம்மா. வேட்டைக்கார எறும்பு."

"அப்ப நேற்றைய மீன்குழம்பிலை ஒரு துண்டு வை."

வைத்தும் பார்த்தேன்! அதையும் தொடவில்லை.

ஒரு வாரம் போல ஆனது. பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். எறும்பு ஒன்று குஞ்சின் தோலைக் கடித்து, கசிவதை நக்கிக்கொண்டிருந்தது. மற்றக் குஞ்சுகளிலும் கறுத்த வடுக்கள். பட்டினியில் தங்கள் குஞ்சுகளையே தின்னத் தொடங்கிவிட்டன. தூக்கி வந்து பட்டினி போட்டவள் நான். எல்லாம் செத்துவிடும் என்றே நினைத்தேன்.

லாப்பில் எங்களுக்குப் படிப்பிக்கும் கியூபெக் பெண்ணுக்கு ஃபோன் எடுத்து, அழாக்குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மே நோன், செ நோர்மல்!" என்றார் பிரெஞ்சில்.

அந்த இனத்தில் அது வழமையாம். மண்ணுக்குள் வாழும் மெல்லிய பூரான்தான் இரை. கொட்டி மயக்கிவிட்டு, குஞ்சுகளை அங்கே தூக்கிக்கொண்டு போகும். குஞ்சுகள் தின்னும், பெரியவை குஞ்சில் சின்னத் துளை போட்டு இரத்தம் குடிக்கும். குஞ்சு சாகாது, காயம் ஆறிவிடும். "ஆனால் பூரான் இல்லாமல் கனநாள் தாங்காது," என்று முடித்தார்.

அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டே கட்டடத்தின் பின்பக்கம் ஓடினேன். அம்மாவும் வந்தார்.

"பூரானைக் கண்டா செருப்பாலை அடிக்கிறது. இவள் விருந்து வைக்கப் போறாள்," என்றபடி பூச்சட்டி ஒன்றைத் தூக்கினார். "அங்கை, அங்கை ஓடுது!" நான் குனிவதற்குள் போத்தல் மூடியால் உயிரோடு அமுக்கிப் பிடித்துவிட்டார்.

பெட்டிக்குள் விட்டதும் எறும்புகள் சூழ்ந்து கொட்டின. பூரான் ஓய்ந்தது. பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் அதன்மேல் வைத்தன, கலியாணப் பந்தியில் பிள்ளைகளை இருத்துவதுபோல. வடுப்பட்ட குஞ்சு ஒன்று கழுத்தை வளைத்துத் தின்னத் தொடங்கியது. எனக்கு அப்போதுதான் பசித்தது.

அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளையள் என்ர ரத்தத்தைக் குடிக்குதுகள் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். இந்தத் தாய்மாரெல்லோ கெட்டிக்காரியள்!"

"தாய்மார் இல்லை அம்மா. முட்டை போடுறது ராணிதான். இதுகள் முக்கால்வாசி அக்காமார்."

"ஓம், இதுகளின்ர அக்காமாராவது பூரான் பிடிச்சுக் குடுக்குதுகள். எங்கட வீட்டிலை அதையும் நான்தானே பிடிச்சனான்."