கிணற்றடிக் கல்லுக்கு நான் எழுதிய வரி

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு எந்த ஊரிலும் நான் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், லாரி கிளீனர், திருப்பூரில் துணி மடிப்பு, மிளகாய் மூட்டை தூக்குவது என்று கிடைத்ததைச் செய்தேன். பையில் எப்போதும் ஒரு பழைய புத்தகம் கிடக்கும். அதைப் பார்த்துப் போன இடமெல்லாம் என்னைப் படித்தவன் என்று நினைத்தார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

கோவில்பட்டியில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் வேலை கிடைத்ததும் அப்படித்தான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை என எதுவானாலும் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பது என் வேலை. முதலாளி பாய், பஜாரில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். சேர்ந்த அன்றே ஒன்று சொன்னார்.

"அவிய எழுதிக் குடுக்குததை மட்டும் அடி. சொந்தமா ஒரு வரி சேக்காத. எழுத்துப்பிழைன்னா வேற ஃபிளக்ஸ் போட்டுக் குடுத்துரலாம். கதையில பிழைன்னா கடைக்கு வந்துருவான்."

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் நாலு பேர் வந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்து ஊர் ஒன்றின் மேலத்தெருக்காரர்கள். ஒருத்தர் செல்போனை நீட்டினார். அதில் ஒரு கல். கத்தி பிடித்த ஆள் உருவம் பாதி தேய்ந்து கிடந்தது.

"இவரு எங்க ஆளு அண்ணாச்சி. குருபூஜை எடுக்கப் போறோம். வரலாறு நாலு வரி வேணும்."

"என்ன வரலாறு?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாரோம்? பக்கத்து ஊர்க்காரனுக்கெல்லாம் ஒரு ராசா இருக்காரு. எங்களுக்கு மட்டும் இல்லாமலா இருப்பாரு?"

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அந்த ஊரில்தான் நான் ஒரு பருவம் முழுக்க மிளகாய் மூட்டை தூக்கினேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கிணறு, கிணற்றை ஒட்டி அந்தக் கல். மேலத்தெருவுக்கு வீட்டுக்கு வீடு போர்வெல் இருந்தது. கீழத்தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அதனால் கீழத்தெருப் பெண்கள்தான் அந்தக் கிணற்றுக்கு வருவார்கள். குடத்தை அந்தக் கல்லின் தலையில் வைத்து மூச்சு வாங்கிவிட்டு நடப்பார்கள். கீழத்தெருவில் ஒரு அக்கா வீட்டில்தான் எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு. அவருக்காக நானே அங்கே தண்ணீர் எடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் அடிக்கத் தொடங்கினேன். நாலு பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கிறார்கள். நான் அடித்த சொல்லை வாய்விட்டு வாசிக்கிறார்கள். அப்படி ஒரு நேரம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்று அடித்தேன். ஊருக்குக் கிணறு வெட்டினார் என்று அடித்தேன்.

"எப்படிச் செத்தாரு?" என்றார் ஒருத்தர்.

"காய்ச்சல்ல செத்தாருன்னா எழுத முடியும்? யாராவது காட்டிக் குடுத்திருக்கணும்," என்றேன்.

"யாருன்னு வேற ஊருக்குப் போய்த் தேடணுமாக்கும்," என்றார் இன்னொருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்த வரியை அடித்தேன்: 'அவர் வெட்டிய கிணற்றில் தண்ணீர் குடித்தவர்களே அவரைக் காட்டிக் கொடுத்தார்கள்.'

தெருப்பெயர் எதையும் நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வருஷம் கல்லுக்குப் பெயின்ட் அடித்து, சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டார்கள். குருபூஜை மேடையில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் என் வரியை அழுதுகொண்டே சொன்னதை செல்போனில் பார்த்தேன். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போ தம்பி" என்றார். போனேன். வாசலில் தண்ணீர் கேன் இருந்தது. கிணற்றுக்கு யாரும் போவதில்லை போலும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்றார்.

"பஸ் ஸ்டாப்புல நிக்க விடமாட்டேங்கானுவ. காட்டிக் குடுத்த கூட்டம் வருது, வாயை மூடுங்கலேன்னு கத்துதானுவ. கூடப் படிக்கிற பயலுவளே. பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை."

அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து மேலத்தெரு டீக்கடைக்குப் போனேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அந்த வரி நான் கட்டினது, அதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நீங்க கட்டுனதா? எங்க தாத்தா சொல்லி நான் சின்ன வயசுலயே கேட்டிருக்கேன்," என்றார் எனக்குச் செல்போனைக் காட்டிய அதே ஆள். அவர் பொய் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கேட்டதாகவே நம்பினார்.

"அண்ணாச்சி வாயில கீழத்தெருச் சாப்பாடு பேசுது," என்றார் மற்றவர். கடையே சிரித்தது.

திரும்பி வந்தேன். அக்கா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ எழுதுத ஆளுதான தம்பி. எங்களுக்கும் ஒருத்தரு இருந்திருப்பாருல்லா? அவியளுக்கு இருக்க மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. நாங்க யாரையும் காட்டிக் குடுக்கலைன்னு எழுது. எம்புள்ள பள்ளிக்கூடம் போகட்டும்."

"அதை எழுதுனதே நான்தாங்க்கா," என்றேன்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைதான் திரும்பியது.

"அப்ப அது நடக்கவே இல்லையா மாமா?"

"இல்லை."

"நாளைக்குக் காலையில ஏழரை பஸ்ஸுக்கு வாங்க. அவனுவ எல்லாம் அங்கனதான் நிப்பானுவ. என் முன்னால சொல்லுங்க. நம்பாட்டியும் பரவாயில்ல. நீங்க சொன்னீங்கன்னு நான் பஸ் ஏறிக்கிடுவேன்."

வருகிறேன் என்றேன்.

விடிந்து வரும் முதல் மினி பஸ் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசையில், நாகலாபுரம் பக்கம் போகிறது. நான் அதில் ஏறினேன். டீக்கடைச் சிரிப்பு காதிலேயே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடிப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை. கடை வேலைக்கும் திரும்பவில்லை. பாய் போன் செய்தார், எடுக்கவில்லை.

அந்த ஊர் மினி பஸ் டிரைவரை எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து அவராகவே சொன்னார்.

"நீங்க முதல் வண்டியில போன அன்னைக்கு அந்தப் பிள்ளை யூனிபார்ம் போட்டு, ரெட்டைச் சடை போட்டு, கூண்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. ஏழரை பஸ்ஸை விட்டுச்சு. எட்டே கால் பஸ்ஸையும் விட்டுச்சு. ஏறலையான்னு கேட்டேன். மாமா வருவாவன்னு சொல்லிச்சு."

பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வண்டி எடுக்கும் நேரம்.