மிளகாய் காய்ந்த வாலிபால் கோர்ட்

1. இருபத்தோராம் நாள்

கோர்ட் திறந்து இருபத்தோராம் நாள், கடைசி அளவு எடுப்பதற்காக அங்கே போனேன். மாலை ஐந்தரை மணி. ஒருவரும் ஆடவில்லை. வெள்ளைக் கோடுகளுக்கு உள்ளே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நெட்டின் மேல் இரண்டு போர்வைகள். பக்கத்துத் தெருவில் மாவு மில் வைத்திருந்த அம்மா, முறத்தோடு நின்றிருந்தார்.

"நீங்கதான் இத்த கட்டுன இன்ஜினியரா சார்? மொட்ட மாடிய விட சோக்கா கீது. காலைல போட்டா சாயந்தரத்துக்குள்ள சலசலன்னு காஞ்சிடுது."

"ஆடுற பொண்ணுங்க எங்கம்மா?"

"அதுங்க அந்தாண்ட பிளாட்டுல ஆடிக்கினு கீதுங்க. இங்க வர்றதில்ல."

இரண்டாயிரங்களின் முற்பகுதி அது. தாம்பரம் பக்கத்தில் ஒரு நகராட்சியில் நான் ஜூனியர் இன்ஜினியர். ரோடு, கால்வாய், கழிப்பறை என்று பதினாறு வருடம் வேலை பார்த்தவனுக்கு, முதல்முறையாக விளையாட்டுத் திடல் மேம்பாட்டுப் பணி வந்திருந்தது. ஏரியை ஒட்டிய புறம்போக்கு நிலம், மாலையில் பெண்கள் வாலிபால் ஆடும் மண் திடல். ஒரு வாலிபால் கோர்ட், அதற்குப் பக்கத்தில் புல்வெளி, ஃபவுண்டன், நான்கு சிமென்ட் பெஞ்ச். கோர்ட்டை முதலில் முடித்து, சேர்மன் கையால் கல்வெட்டும் திறந்தாயிற்று. ஃபவுண்டன் வேலை இன்னும் தொடங்கவில்லை.

நான் போட்டதில் மிக நல்ல வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு அங்குல கான்கிரீட், மேலே கண்ணாடி மாதிரி சிமென்ட் பூச்சு.

2. மனைக் கற்களுக்கு நடுவே

திடலுக்குப் பின்னால் யாரோ லே-அவுட் போட்டு விற்றுக்கொண்டிருந்த காலி மனைகள். மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்களுக்கு நடுவே, இரண்டு சவுக்குக் கம்பங்களில் பழைய நெட்டைக் கட்டி எட்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி கம்பெனிகளில் தையல் வேலை பார்ப்பவர்கள். ஷிஃப்ட் முடிந்து ஐந்தேகாலுக்கு வந்தால், இருட்டும்வரை ஆட்டம்.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் தனசேகர். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனைகளான பிறகு மணல், ஜல்லி வியாபாரம். இளமையில் மாவட்ட அணிக்கு ஆடியவர். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

நான்தான் கோபமாக ஆரம்பித்தேன். "சர்க்கார் செலவு பண்ணி கட்டிக் கொடுத்தா, இங்க கல்லு நடுவுல ஆடுறீங்களேம்மா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். கலைவாணி, டீமின் கேப்டன். டிராக் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் ஏற்றினாள். ஐந்து தையல் போட்ட தழும்பு, ஓரங்களில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"திறந்த ரெண்டாவது நாளு சார். டைவ் அடிச்சேன். மண்ணா இருந்தா வழுக்கிக்கினு போவும். உங்க கோர்ட்டுல முட்டி அப்டியே நின்னுடுச்சு, நான் மட்டும் போயிட்டேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "சார், நீங்க ஒரே ஒரு டைவ் அடிச்சுக் காட்டுங்க, நாங்க எல்லாரும் வந்துடுறோம்" என்றாள்.

தனசேகர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இன்னும் நாலு வாரத்துல இவளுக்கு போலீஸ் செலக்‌ஷன் சார். ஸ்போர்ட்ஸ் கோட்டா. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். மூணு வாரமா பால் தொடல."

3. நான் செய்த தப்பு

எஸ்டிமேட் போடும் முன் மூன்று முறை அந்த இடத்துக்குப் போயிருந்தேன். மூன்று முறையும் காலை பதினோரு மணி. அப்போது அங்கே மாடுகள்தான் இருக்கும். பதினெட்டு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் என்று புத்தகத்தில் இருந்ததை அளந்து எழுதிக்கொண்டேன். பந்தைத் துரத்திப் போகிறவர்கள் எப்படி விழுவார்கள், எவ்வளவு தூரம் சறுக்குவார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அது புரியும். மண் வேலையை எங்களுக்குப் பிடிக்காது. ஒரு மழை பெய்தால் மண் கரைந்துவிடும். ஆறு மாதம் கழித்து வருகிற ஆடிட்டர், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிய மண் எங்கே என்று கேட்பார். கான்கிரீட் என்றால் போட்ட இடத்திலேயே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் அளந்து காட்டலாம். அதனால் கை தானாகவே கான்கிரீட் என்று எழுதும்.

வேலை தொடங்கிய அன்று தனசேகர் வந்து, "கிராவல் மண்ணு போதும் சார், சலிச்சுப் போட்டு ரோலர் வுட்டா அதுவே பூ மாதிரி இருக்கும்" என்று சொன்னார். நான் சிரித்தபடி, "உங்க கடை மண்ணா அண்ணே?" என்று கேட்டேன். மண் வியாபாரி, சரக்கு தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது. அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

4. ஃபைலில் ஒரு வரி

மறுநாள் நகராட்சிப் பொறியாளரிடம் போனேன். கோர்ட்டை உடைக்க வேண்டும் என்றேன்.

"யோவ், உனக்கு மூளை கீளை கொழம்பிடுச்சா? கல்வெட்டு பெயின்ட் காயல. ஒடச்சா நாளைக்கு பேப்பர்ல போட்டோ வரும்."

"அப்ப ஃபவுண்டனை விட்டுடலாம் சார். புல்வெளி இடத்துல மண் கோர்ட் போடுறேன். இதை ஷட்டில் ஆடுறவங்களுக்கு விட்டுடலாம்."

"ஃபவுண்டன் சேர்மன் கேட்டதுய்யா. ஏன் மாத்துறோம்னு என்ன எழுதுவ?"

"தரைத் தேர்வில் தவறு என்னுடையதுன்னு எழுதுறேன்."

அலுவலக ஃபைலில் மழையின் மேலும், மக்கள் கோரிக்கையின் மேலும் பழி போடுவோம். தன் பேரை எழுதுகிறவன் கிடையாது. "எழுது. மெமோ வரும், அப்புறம் ஏங்கிட்ட வந்து அழாத" என்றார்.

மெமோ வந்தது. ஒரு வருடம் இன்கிரிமென்ட் நின்றது. சேர்மன் மட்டும் எதிர்பார்த்த அளவு கத்தவில்லை. "ஃபவுண்டன்ல எப்படியும் தண்ணி வராது, விடு" என்றார். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் அது.

தனசேகரின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார். தன் கடையிலிருந்து ஒரு கூடை மண்கூட வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வேறு இடத்தில் நல்ல கிராவல் காட்டினார். பத்து நாட்கள் நடந்த அந்த வேலைதான், முப்பது வருட சர்வீஸில் எனக்கு மிகவும் பிடித்தது. மாலையில் தண்ணீர் அடித்து ஊற விடுவோம். விடிந்ததும் ஈரம் இழுத்த பக்குவம் பார்த்து ரோலர் இழுப்போம். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் டிஃபன் பாக்ஸை ஓரத்தில் அடுக்கிவிட்டு, வெறுங்காலால் நடந்து பார்த்து "இங்க கல்லு குத்துது சார்" என்பார்கள். சலிப்போம். கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் பத்தடி அதே மண். தலைக்கு மேல் விமானப் படையின் பயிற்சி விமானம் போகும். ஏரிப் பக்கமிருந்து காற்று வரும்.

பதினோராம் நாள் கலைவாணி முதல் டைவ் அடித்தாள். ஐந்தடி சறுக்கி, வாயெல்லாம் மண்ணோடு எழுந்து, "இதான் சார் கோர்ட்டு" என்றாள்.

5. செலக்‌ஷன்

அவளுக்கு மிச்சம் இருந்தது பதினேழு நாள். செலக்‌ஷனில் வெயிட்டிங் லிஸ்ட் வரை வந்தாள். அந்த லிஸ்டிலிருந்து அந்த வருடம் யாரையும் கூப்பிடவில்லை. அவள் தையல் வேலையிலேயே இருந்தாள்.

சில மாதங்கள் கழித்து, திடல் ஓரத்தில் அவளிடம் கேட்டுவிட்டேன். "அந்த மூணு வாரம் போனதாலதானாம்மா?"

என் மனம் நோகாமல் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போல. அவள் யோசித்தாள்.

"தெரியல சார். இருக்கலாம்."

கோபமே இல்லாமல் சொன்னாள். சர்வீஸ் போட அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அதன்பிறகு எந்தத் திடலுக்கும் எஸ்டிமேட் போடும் முன், ஒரு வாரம் மாலை ஐந்தேகாலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அதைச் செய்தால் போதும். நம் தப்பை ஃபைலில் திருத்திவிடலாம், எனக்குப் போனது ஒரு இன்கிரிமென்ட்தான். அவளுக்குப் போன மூன்று வாரத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த ஃபைலிலும் வழி இல்லை.