வீட்டுக்காரியின் கொப்பி

ஒன்பது வயதில் நான் வீட்டுக்காரி ஆனேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நகை நட்டெல்லாம் பிறகு, முதலில் கூரை. ஆகவே விழுந்த பல் முளைத்து முடிவதற்குள்ளேயே எங்கள் வளவில் எனக்கென்று அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு சைக்கிள். அதை யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டுக்காகத்தான் அப்பா கட்டாருக்குப் போனார். போனதைக்கூட மன்னித்திருப்பேன், நான் நித்திரையாகக் கிடக்கும்போது போனார். எழுப்பினால் அழுவேன் என்று எழுப்பவில்லையாம். கண் முழித்தபோது அவர் இடுப்பில் கட்டும் சாரம் மட்டும் கொடியில் தொங்கியது. அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. வீடும் வேண்டாம் கீடும் வேண்டாம், இந்த மனிதரோடு இனிக் கதைப்பதே இல்லை என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் போன் எடுப்பார். அம்மா போனை என் காதில் வைப்பாள். நான் வாயைப் பூட்டிக்கொண்டு நிற்பேன். அவர், "மகள்... மகள்... சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூச்சுச் சத்தத்தைக்கூட நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன். பிடிவாதத்தில் நான் அம்மாவின் பக்கம்.

கோபம் வீட்டோடு நிற்கவில்லை. வகுப்பில் ஒருத்தி, "உன்ட அப்பா உன்னை விட்டுட்டு ஓடிட்டாராமே" என்றாள். அவளுடைய கையைக் கடித்துவிட்டேன். அதிபர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் எப்போது அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா அடிக்கவில்லை. சந்திக் கடையில் நின்று, தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்கித் தந்தாள்.

"இஞ்ச பாருகா, கோவம் வந்தா ஆக்கள்ள பல்லை வைக்கப்படா. இதுக்குள்ள படம் கீறு. வாய்க்கு என்ன வருகுதோ அதை எழுது. நான் பாக்கமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் பண்ணும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தாள். பாடப் புத்தகத்தில் அதை வாவி என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு அது எப்போதும் ஆறுதான்.

முதல் பக்கத்தில் அப்பாவைக் கழுதைத் தலையோடு கீறினேன். கீழே, "இவர் எங்கட அப்பா. பொய்க்காரர்" என்று எழுதினேன். அடுத்த நாள் அந்தக் கழுதைக்குக் கொம்பும் வைத்தேன். கழுதைக்குக் கொம்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கோபத்துக்குத் தெரியாதே! ஒரு கிழமை முழுக்கக் கறுப்புப் பென்சில் மட்டும் தேய்ந்தது. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரே கழுதையைக் கீறுவது? அலுத்துப்போய், கண்ணில் பட்டதையெல்லாம் கீறத் தொடங்கினேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மேசன். என் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு நாள் ஆற்றோரம் கால் கழுவப் போன அவருடைய பெருவிரலை நண்டு கவ்விக்கொண்டது. அவர் ஆடிய ஆட்டத்தை நாலு படமாகக் கீறினேன். அம்மா புட்டுக் குழலோடு சண்டை பிடிப்பதைக் கீறினேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி. "இண்டைக்குக் கோவம் கொஞ்சம். மாங்காய் புளிச்சுது." "இண்டைக்குக் கோவம் வரல்ல. ஏனெண்டு தெரியா." எனக்குள்ளே இவ்வளவு சங்கதி கிடக்கிறதா என்று எனக்கே புதினமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கொப்பியோடு உட்கார்ந்துவிடுவேன். என்னிடம் கடி வாங்கிய பிள்ளையையும் ஒரு பக்கத்தில் கீறி, அவளுக்கு நல்ல சட்டை ஒன்று போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, பென்சில் வந்தது.

பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. ஒரு நாள், "நீலம் முடிஞ்சுது. ஆறு இனி மஞ்சளாத்தான் வரும்" என்று எழுதி, மஞ்சள் ஆறு ஒன்றைக் கீறி வைத்தேன். பத்து நாள் போகவில்லை, கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். பிரித்தால் முப்பத்தாறு கலர் பென்சில். நீலத்தில் மட்டும் ஐந்து விதம்! அப்பா அனுப்பினார் என்று அம்மா சொன்னாள். அது என் காதில் ஏறவில்லை. கொப்பியில் எழுதினேன், வந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

எதற்கும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்று என் வீட்டைக் கீறினேன். ஆற்றுப் பக்கச் சுவரில் ஒரு யன்னல் வைத்தேன். கொடுவா மீன் வடிவத்தில், வாயைப் பிளந்தபடி. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வருகிறேன், மாமா தான் கட்டி முடித்த சுவரைத் தானே உடைத்துக்கொண்டு நிற்கிறார். கையில் சுத்தியல், வாயில் புறுபுறுப்பு.

"அக்கா, அத்தானுக்கு அங்க வெயில் மண்டைக்குள்ள ஏறிட்டுது! மீனுக்கு எந்த மேசன் யன்னல் வைப்பான்? வால் எந்தப் பக்கம் வரணும் எண்டாவது கேட்டுச் சொல்லுங்க!"

"வடக்குப் பக்கம்," என்றேன் நான்.

மாமா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சரி. வீட்டுக்காரி சொன்னா அப்பீல் இல்ல."

கொப்பி பெரியவர்களின் மண்டைக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமா திட்டித் திட்டியே அந்த மீனைச் செய்து முடித்தார். செய்து முடித்ததும் அவருக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. வருகிற போகிற ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், தன்னுடைய யோசனை என்றும் சொல்லிக்கொண்டார். பின்னேரத்தில் வெயில் அந்த யன்னலால் இறங்கி, தரையில் ஒரு பொன் மீனாகக் கிடந்தது. நான் அதன் மேலே ஏறிப் படுத்துக்கொண்டேன். என்னைவிடச் சந்தோசமான பிள்ளை அன்றைக்கு இந்த உலகத்தில் இருந்திருக்கமாட்டாள்.

படுத்துக் கிடந்தபோதுதான் கொப்பிக்குப் பெரிய வேலையைக் கொடுக்கத் துணிந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து மாதமும் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எங்கள் சந்தியைக் கீறினேன். ஒரு சிவப்புப் பஸ்ஸைக் கீறினேன். பஸ்ஸிலிருந்து அப்பா இறங்குகிறார். இந்த முறை அவருடைய சொந்தத் தலையோடு. மீசை சரியாக வரும்வரை நாலு தரம் அழித்தேன். கீழே எழுதினேன்: "சனிக்கிழமை அப்பா வாறார். நான் கதைப்பன்."

சனிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, கோயில் திருவிழாவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சந்தியில் போய் நின்றேன். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸும் நின்றது. மரக்கறிப் பை இறங்கியது, சைக்கிள் டயர் இறங்கியது, குடையோடு ஒரு ரீச்சர் இறங்கினார். அப்பா இறங்கவில்லை. மத்தியானம் அம்மா என்னைத் தேடி வந்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. றோட்டுத் தூசி பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. அப்பா. வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், அங்கே வேலை நேரத்தில். நான் போனைப் பறித்தேன்.

"நான் கீறினனான்தானே! ஏன் வரல்ல?"

ஐந்து மாதத்தில் நான் அவரோடு கதைத்த முதல் கதை அது. கதை என்ன, கத்தல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"வரத்தான் மகள் வெளிக்கிட்டனான். நீங்க அந்தப் பஸ்ஸுக்கு மூண்டு சில்லுத்தானே கீறி இரிக்கிறீங்க? அது எப்படி ஓடும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாச் சில்லையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் கீறுவது என் வழக்கம். மீசையில் இருந்த கவனத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாம் என் பிழை!

"நாலாவதைக் கீறினா வருவீங்களா?"

"வருவன். தூரத்துப் பஸ், கொஞ்ச நாள் எடுக்கும். ஆனா கட்டாயம் வருவன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிட்டன் மகள், சாப்பிட்டன்," என்று இரண்டு தரம் சொன்னார்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடியாமல் அவரால் அங்கிருந்து அசைய முடியாது என்பது எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனதும் அம்மா கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள் என்பதும் தெரியாது. நான் அவரைத் திட்டிய பக்கங்களை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் அவர் வெள்ளிக்கிழமைகளில் அத்தனை தரம் மகள், மகள் என்று கூப்பிட்டார் என்பது, நான் வளர்ந்து அந்த வீட்டிலேயே குடியேறிய பிறகு, அம்மா வாய் தவறிச் சொல்லித்தான் தெரியவந்தது. மூன்று சில்லு என்பது கட்டாரில் இருக்கிற மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை. கேட்க நேரம் எங்கே இருந்தது? அம்மாவைச் சந்தியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க வாங்க நாலாவது சில்லைக் கீறினேன். பிறகு, தூரத்துப் பஸ்தானே, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவதாக ஒன்றையும் கீறினேன்.