முரளி கட்டிய மஞ்சள் புடவை

கஞ்சி போட்ட, தாந்த் என்கிற புது வங்காளத்துக் கைத்தறிப் புடவையைப் பிரிக்கும்போது அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் வரும். கூடவே வடித்த கஞ்சியும் பெட்டிக்குள் கிடந்த அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். கல்கத்தாவில் பாலிகஞ்சில் நான் இப்போது இருக்கும் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஃபால்ஸ் தைக்கப் புடவை கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் மஞ்சள் புடவை ஏதாவது இருந்துவிட்டால், பிரிக்கும்போது என் கை கொஞ்ச நேரம் நின்றுவிடும். இது ஏன் என்று வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கிடர்பூரில் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. கல்கத்தாவில் சரஸ்வதி பூஜை என்றால் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புடவை நாள். வருஷம் முழுக்க நீல ஸ்கர்ட்டில் அலைந்தவர்கள் அன்று ஒருநாள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தரையைக் கூட்டியபடி, நடக்கத் தெரியாமல் நடந்து வருவார்கள். மாஷி என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் பூஜை முடியும்வரை "கூல்" என்கிற இலந்தைப்பழத்தைத் தொடவே விடமாட்டாள், தொட்டால் பரீட்சையில் தேவி கைவிட்டுவிடுவாள் என்பாள். எனக்கோ தொட்டாலும் பயம், தொடாவிட்டாலும் பயம். அந்த வருஷம் அம்மா எனக்கென்று கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு மஞ்சள் தாந்த் புடவை வாங்கி வந்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. மொடமொடவென்று நிற்கிற அந்தப் புடவை பிரசாத வரிசையில் அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது, பஸ் படியில் மிதித்துவிட்டால் என்ன செய்வது, பையன்கள் எதிரில் கொசுவம் நழுவினால் உயிரோடு வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன்.

இந்தக் கவலையை நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் முரளி. கீழ்வீட்டுப் பையன், என் வகுப்புதான். அவன் அப்பா துறைமுக ஷெட்டில் சரக்கைச் சரிபார்த்து எழுதும் டாலி கிளார்க், செய்யாற்றுப் பக்கத்துக்காரர், நாங்கள் திருநெல்வேலி. அவன் அம்மா சரோஜாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முரளிக்குத் துணி என்றால் ஒரு தனிக் கவனம் உண்டு. தங்கை சுதாவின் ஸ்கர்ட்டுக்கு ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்துத் தினமும் அவன்தான் இஸ்திரி போடுவான். அவனுடைய சட்டை மட்டும் கசங்கியே இருக்கும். அத்தைக்கு அவசரம் என்றால் முந்தானை மடிப்பை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். வகுப்பில் இதற்காக அவனைக் கிண்டல் செய்வார்கள், நானும் ஒன்றிரண்டு தரம் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கோலம் போடுவதற்காக மதியமே விட்டுவிட்டார்கள். அம்மா பிரஷர் மாத்திரை வாங்கத் துறைமுக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் முரளியை மேலே கூப்பிட்டேன். அவனாக வரவில்லை, நான்தான் கூப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் நான். புடவையை எடுத்து அவன் கையில் கொடுத்ததும் நான். யாராவது வந்து பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் வாசற்கதவைத் தாழ் போட்டதும் நான்தான்.

"உனக்குக் கட்டிவிட்டா சரியாயிருக்காது. நான் கட்டிக்கிறேன், நீ பாத்துக்க" என்றான். வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூடத்துப் பேண்ட்டுக்கு மேலேயே கட்டினான். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கொசுவம் போய் வந்த வேகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. குடைபோல் உப்பிக்கொண்டு நின்ற புடவையை உள்ளங்கையால் தடவித் தடவி அடக்கினான். எனக்கு அது போதவில்லை. இடுப்பில், தோளில், கொசுவத்தில், முந்தானை மடிப்பில் என்று எட்டு ஊக்கு குத்திக் காட்டச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே குத்தினான். "இத்தனை ஊக்கு போட்டா நீ ராத்திரி அதோடதான் தூங்கணும்" என்றான்.

பிறகு பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். அங்கேதான் அவன் சிரிப்பு நின்றது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான், முந்தானையை முன்கையில் போட்டுப் பார்த்தான், பிறகு அசையாமல் நின்றான். ரொம்ப நாள் காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து முதல் தடவை வெளியே வந்து வெயிலில் நிற்பதுபோல் இருந்தது அந்த முகம். "அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமா?" என்று கேட்டான். என் பொட்டு ஒன்றை எடுத்து அவன் நெற்றியில் ஒட்டினேன். நன்றாக இருந்தான். அதை அவனிடம் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் அம்மா கதவைத் தட்டினாள். தாழ் போட்டிருப்பது தெரிந்ததும் தட்டல் இடியாக மாறியது. "ஏட்டி, பட்டப்பகல்ல கதவ எதுக்குத் தாள் போட்டிருக்க?" என்ற குரலோடு மாஷியின் குரலும் கேட்டது. வயசுக்கு வந்த பெண், ஒரு பையன், மூடிய கதவு: இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து பிளாக்கில் ஒரு அக்காவின் படிப்பு இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நின்றிருந்தது. என் மனதில் அந்த நிமிஷம் படிப்பு நின்றுவிடும் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தப் பழைய கட்டடங்களில் சமையலறைக்குப் பின்னால், கூட்டுகிறவர்கள் வந்து போவதற்கென்று சுழலும் இரும்புப் படிக்கட்டு ஒன்று இருக்கும். முரளியை அந்தப் பக்கம் தள்ளினேன். "இரு, ஊக்கு..." என்றான். நான் இருக்கவில்லை. வெளியே தள்ளிப் பின்கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்தேன்.

அவன் வீட்டுப் பின்கதவு உள்ளே பூட்டியிருந்ததாம், அத்தை தூங்கிக்கொண்டிருந்தாளாம். அதனால் அவன் முற்றம்வரை இறங்க வேண்டியதாகிவிட்டது. குழாயடியில் பெண்கள், கிரிக்கெட் விளையாடிய பையன்கள், எல்லோருக்கும் நடுவே என் மஞ்சள் புடவையில், நெற்றியில் என் பொட்டோடு. "நொத்துன் பௌ, நொத்துன் பௌ" என்று புதுப்பெண்ணைக் கூப்பிடுவதுபோல் பையன்கள் கூவிய சத்தம் மாடிவரை கேட்டது. அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன்:

"நான் பாத்ரூம்ல இருந்தேம்மா. பின்பக்கமா வந்து பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போயிருக்கான்."

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைக் கண்டு எனக்கும் மூச்சு வந்தது.

சாயங்காலம் முரளியின் அப்பா அவனை எங்கள் வாசலுக்கே கூட்டி வந்தார். புடவை இஸ்திரி போட்டு, பேப்பரில் சுற்றி அவர் கையில் இருந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். "அந்தப் பொண்ணு சொல்றது நெஜமாடா? நீயா எடுத்த?" என்று கேட்டார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன். முரளி ஒரு தடவை என்னைப் பார்த்தான். "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் பார்க்கவில்லை. அவன் அப்பா என் அப்பாவிடம் புடவையைக் கொடுத்துக் கைகூப்பினார். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடித்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய்தான், பேசியிருக்க மாட்டேன்.

மறுநாள் அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அவன் காட்டிய மாதிரியே கட்டினேன். நாள் முழுக்க அவிழவில்லை.

இரண்டு வாரத்தில் முரளியை வேலூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் எனக்கு முன்வரிசையில் அவன் இடம் காலியாகவே இருந்தது. நான் எந்தப் படிப்புக்காகப் பொய் சொன்னேனோ அந்தப் படிப்பு பத்தாம் வகுப்புக்கு மேல் ஓடவில்லை; பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை, ஒரு தடவை தோற்றதும் அதோடு விட்டுவிட்டேன். இதை அவன் கணக்கில் எழுதமாட்டேன்.

இந்த வருஷம் என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். இனிமேல் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே சீருடை. முழுக்கால் பேண்ட்டும் தளர்வான சட்டையும். மகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், பஸ்ஸில் காலை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலை இல்லையே. எனக்கும் சந்தோஷம்தான். அப்போது பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து, நல்லவேளை, சமம் சமம் என்று சொல்லி நம் பையன்களுக்கு ஸ்கர்ட்டை மாட்டிவிடவில்லை என்றார். ஹாலே சிரித்தது. டீச்சர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

அந்த வாரமே கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சிக்கு ரயில் ஏறினேன். சரோஜா அத்தை அங்கே மகள் சுதாவோடு இருக்கிறாள். மருமகன் ரயில்வே யார்டில் வேலை. ஊர்த் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் அவளைத் தூரத்தில் பார்த்தால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அவள் கணவர் இறந்தபோதுகூட போகவில்லை. இத்தனை வருஷம் என் மனதில் ஓடியதெல்லாம் இதுதான்: புடவை கட்டினான் என்பதற்காகத் தகப்பன் மகனை ஒதுக்கிவிட்டார், அவரைப்போன்ற ஆட்களின் பழைய புத்தி அது, என் பொய் அதற்கு ஒரு சாக்கு மட்டும். அதிலேயே பாதி மன்னிப்பை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை மெலிந்திருந்தாள், காது மட்டும் நன்றாகக் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிட்டது, பெட்டி, தாழ்ப்பாள், ஊக்கு.

"புடவை கட்டனத அவரு ஒரு மாசத்துல மறந்துட்டாரும்மா" என்றாள். "எங்க ஊரு கூத்துல பொம்பள வேஷம் கட்டறதே அவரோட பெரியப்பாதான். இப்பகூட முரளி வீட்டுக்குள்ள கட்டிக்கிறான், போன தடவ நானே ஒரு சுங்குடி வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். அது ஒண்ணுமில்ல. அடுத்தவங்க வீட்டுப் பெட்டியில கைய வெச்சிட்டான்றதுதான். ஷெட்டுல மூட்ட கிழிஞ்சு முந்திரி கொட்டிக் கெடந்தாலும் ஒண்ண எடுத்து வாயில போடாத மனுசன். கடைசி வரைக்கும் புள்ள கையால தண்ணி வாங்கிக் குடிக்கல."

எதையெல்லாமோ நினைத்து நினைத்துப் பயந்தவள் நான். ஒரு பையனைத் திருடனாக்கினேன் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

அழுவாள், திட்டுவாள், போ என்பாள் என்று காத்திருந்தேன். அத்தை சுதாவைக் கூப்பிட்டாள், டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்த மருமகனை எழுப்பச் சொன்னாள், பேரப்பிள்ளைகளை டிவியை நிறுத்திவிட்டு வரச் சொன்னாள். எல்லோரும் வந்து நின்றதும் என்னைப் பார்த்து, "இப்ப திரும்பச் சொல்லு. இவங்களும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க" என்றாள்.

கிடர்பூரில் எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அந்த இரும்புப் படிக்கட்டும் பழைய இரும்போடு போயிருக்கும். மகளின் நீல ஸ்கர்ட் இரண்டும் இந்த மாதத்தோடு பாத்திரம் துடைக்கப் போய்விடும்; அந்த மடிப்பை இனி ஆசையாகத் தேய்த்து வைக்கப் பையனும் இல்லை, போட்டுக்கொள்ளப் பெண்ணும் இல்லை. அன்று சாந்த்ராகாச்சி வீட்டின் கூடத்தில், நான் இரண்டாம் தடவை சொன்னபோது அத்தனை பேரும் இருந்தார்கள். கேட்க வேண்டியவர் மட்டும் சுவரில் படமாக இருந்தார். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்: அவன் எடுக்கலை மாமா, நான்தான் குடுத்தேன்.